பெயின்ட் இல்லாத அலுமினிய பாடி: உப்புக்காற்று ஊரில் தேய்த்து மெருகேற்றும் முறை

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். என் கோப்ரா ரெப்ளிகாவின் (பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் நகல்) இடது கதவை 2000 நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்து (நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும்), பஃப் என்ற துணிச் சக்கரம் போட்டு, முகம் பார்த்து மீசை திருத்துகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். முழுசாக இரண்டு நாள் வேலை. வீராம்பட்டினம் பக்கம் இருந்த ஷெட்டில் கிழக்குச் சுவரோரம் அதைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போய்விட்டேன். எட்டு நாள் கழித்து வந்து பார்த்தால், கொல்லையில் கவிழ்த்துப் போட்ட பழைய அலுமினியக் குண்டான் மாதிரி வெளுத்துப் புள்ளி புள்ளியாக இருந்தது. "இதுக்கா ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம கிடந்தே?" என்று வீட்டில் கேட்டார்கள். பதில் இல்லை.

அந்தக் கதவு கற்றுக்கொடுத்ததுதான் கீழே இருப்பதெல்லாம். புதுச்சேரி, கடலூர் போன்ற ஊரில் பெயின்ட் இல்லாத கார் மங்கத்தான் செய்யும். மங்கினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பட்டறைக்கு ஓடாமல், நாமே கையால் மீட்டெடுக்கக்கூடிய மெருகைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே புத்திசாலித்தனம். தாள் வாங்குவதற்கு முன்பே அதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. இது அலுமினிய பாடிக்கான வழிகாட்டி. 1962-ல் அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் கேரல் ஷெல்பி இங்கிலாந்தின் ஏசி என்ற நிறுவனத்தின் காருக்குள் ஃபோர்டு வி8 எஞ்சினை வைத்துக் கோப்ராவை உருவாக்கியபோது, அந்தக் காரின் மேல்தோல் கையால் தட்டி வளைத்த அலுமினியத் தகடு. இன்று உலகம் முழுக்கக் கிடைக்கும் ரெப்ளிகாக்களில் பெரும்பாலானவை ஃபைபர். ஃபைபர் பாடி வைத்திருப்பவர்களுக்கு இதில் வேலையில்லை. இரும்புத் தகட்டு பாடியை வெறுமையாக விட ஆசைப்படுபவர்களுக்கு ஒரே வரிதான்: இந்தக் கரையில் வேண்டாம். ராத்திரி தேய்த்து வைத்த இரும்பு விடியும்போது செம்மண் பூத்திருக்கும்.

சாலையில் ஓட்டப் பதிவு செய்வது தனிக் கதை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றி அமைப்பதைப் பற்றிக் கறாராகப் பேசுகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மெருகு?

கண்ணாடி மெருகு ஒரு வழி. அடுத்தது கோடு மெருகு. எவர்சில்வர் கேட், கைப்பிடி செய்யும் பட்டறைகளில் அதை ஹேர்லைன் என்பார்கள். மூன்றாவது, திசை இல்லாமல் மங்கலாக விடும் மேட்.

கண்ணாடி மெருகு பார்க்க அழகு. ஆனால் தகட்டில் உள்ள ஒவ்வொரு நெளிவையும் அது ஊருக்குச் சொல்லிவிடும். எதிரே நிற்கும் தென்னை மரத்தின் பிம்பம் கதவில் கோணிக்கொண்டு தெரிந்தால் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது என்று பொருள். பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்: பாலிஷ் போட்ட அந்த எஞ்சின் மூடி ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். அது உள்ளங்கை அகலம். காரில் அதே வேலை கட்டில் விரிப்பு அகலத்துக்கு இருக்கிறது.

கோடு மெருகு ஒளியைச் சிதறடிக்கும், அதனால் சின்னக் குறைகள் கண்ணில் படாது. கீறல் விழுந்தாலும் அதே திசையில் தேய்த்தால் காணாமல் போகும். 1981-ல் வட அயர்லாந்தில் தயாராகத் தொடங்கிய டெலோரியன் கார் இதற்கு நல்ல சாட்சி. பெயின்ட் இல்லாத 304 ரக எவர்சில்வர் தகடு, அதில் கோடு மெருகு. இன்றும் அதை வைத்திருப்பவர்கள் சின்னக் கீறலை ஒரு தேய்ப்புப் பேட்டை வைத்துத் தாங்களே எடுத்துவிடுகிறார்கள். என் ஓட்டும் கோடு மெருகுக்குத்தான். மேட் மெருகும் சுலபம்தான், ஆனால் கை பட்ட இடமெல்லாம் எண்ணெய்த் தடம் தெரியும், எனக்குப் பிடிக்கவில்லை.

காலமும் இடமும்

மாசி பிறந்ததும் ஆரம்பித்து, சித்திரைக்குள் காப்புப் பூச்சு வரை முடித்துவிட வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; அந்த மாதங்களில் தேய்த்த தகடு உங்கள் கண்ணெதிரே மங்கும். காலை ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை வேலை செய்யுங்கள். அதற்கு மேல் கடற்காற்று ஏறிவிடும். அது கொண்டுவருவது உப்பு மட்டுமில்லை, மணலும்தான். 400 நம்பர் தாளுக்கு அடியில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், நீளமாக ஒரு கோடு போட்டு நான்கு மணி நேர வேலையைத் தின்றுவிடும். ஷெட்டின் கிழக்குப் பக்கத்தை மூடிவிடுங்கள். தரையைத் தண்ணீர் தெளித்து அடக்கிவிட்டு, அது காய்ந்த பிறகு ஆரம்பியுங்கள்.

பாடியைத் தரையில் வைக்காதீர்கள். இரண்டரை அடி உயரத்தில் ஸ்டாண்டு அடித்து அதன்மேல் வையுங்கள். இடுப்பு வலிக்காது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறிய ராத்திரி என் ஷெட்டில் முட்டளவு தண்ணீர். ஸ்டாண்டு இருந்ததால் பாடி தப்பியது, கீழே வைத்திருந்த பானெட் தப்பவில்லை.

பிறகு நான் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் மாறினேன். கடலிலிருந்து கொஞ்சம் விலகல், சந்தோஷம். ஆனால் பக்கத்துப் பட்டறையில் நாளெல்லாம் இரும்பை கிரைண்டர் போட்டார்கள். பறந்து வந்த இரும்புத்தூள் அலுமினியத்தில் ஒட்டி, ஈரம் பட்டதும் துரும்பு துரும்பாகத் துருவேறியது. அலுமினியம் துருப்பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு ஆரஞ்சு நிறப் புள்ளிகளைப் பார்த்ததும் தலை சுற்றிவிட்டது.

தூளைப் பற்றி விளையாட்டு வேண்டாம்

நைசான அலுமினியத்தூள் தீப்பிடிக்கும், காற்றில் மிதந்தால் வெடிக்கவும் செய்யும். அதோடு இரும்புத்துரு கலந்தால் அது தெர்மைட் கலவை, பயங்கரச் சூட்டோடு எரிவது; ஒரு பொறி போதும். ஆகவே ஒரே இடத்தில் இரும்பை கிரைண்டர் போடுவதும் அலுமினியம் தேய்ப்பதும் கூடாது. தினமும் பெருக்கி அள்ளிவிட வேண்டும். ஈரத்தோடு சேர்ந்த தூளை மூடி போட்ட டப்பாவில் அடைக்காதீர்கள். அலுமினியத்தூளும் தண்ணீரும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். திறந்த வாளியில், வெளியில் வையுங்கள். தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, காய்ந்த மணலைப் போட்டு மூட வேண்டும். ஒரு வாளி காய்ந்த மணல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நம் ஊரில் மணலுக்கா பஞ்சம்! ஆனால் கடற்கரை மணல் வேண்டாம், ஆற்று மணலாக இருக்கட்டும்.

வாய்க்கு என்95 முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி. பஃப் வீல் ஓட்டும்போது கைலி, துண்டு, தொங்கும் சட்டை, கையுறை எதுவும் ஆகாது. சுற்றும் சக்கரம் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

கழற்று, கழுவு

விளக்கு, கதவுப் பிடி, பீடிங், கண்ணாடி ஃப்ரேம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். "இதை மட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டிச் சமாளிப்போம்" என்ற எண்ணம் வரும். வேண்டாம். விளிம்பில் தேய்க்காமல் விட்ட அரை அங்குலம் கடைசியில் எட்டூருக்குத் தெரியும்.

அடுத்து எண்ணெய்ப் பிசுக்கு. தேய்ப்பதற்கு முன்பே அதை எடுத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் தாள் அந்தப் பிசுக்கைத் தகட்டுக்குள்ளேயே தேய்த்துவிடும். ஒரு துணியில் தின்னரை நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடுங்கள். ஒரே துணி என்றால் பிசுக்கை இடம் மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். கழுவ வேண்டுமென்றால் கார் ஷாம்பு போதும். சலவைசோடா, காஸ்டிக் சோடா, பிளீச்சிங், பாத்ரூம் கழுவும் ஆசிட் இவை எதுவும் பக்கத்திலேயே வரக் கூடாது. காஸ்டிக் அலுமினியத்தைக் கரைத்தே விடும். பித்தளைக்குப் புளியும் உப்பும் போட்டுத் துலக்கிப் பழகிய வீட்டில், "கொஞ்சம் புளி போட்டுத் தேயேன்" என்று யாராவது அன்போடு சொல்வார்கள். உப்பு சேர்ந்த புளிப்பு அலுமினியத்தில் குழி போடும். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம். கரையோரப் பகுதிகளில் அது உவர்ப்பாகத்தான் வருகிறது. காய்ந்ததும் வெள்ளை வட்டம் விட்டுவிடும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டர் நான்கைந்து லிட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வீட்டு ஆர்.ஓ. தண்ணீர்.

மேடு பள்ளம்: வேலையில் பாதி இதுதான்

பெயின்ட் அடிக்கிற காரில் பட்டி இருக்கிறது. எந்தப் பள்ளத்தையும் பட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, மறைத்துவிடலாம். வெறும் உலோகத்தில் அந்தப் பேச்சே கிடையாது. பள்ளம் இருந்தால் தகட்டைத்தான் தூக்க வேண்டும், மேடு இருந்தால் தகட்டைத்தான் இறக்க வேண்டும். நல்ல டிங்கர் ஒருவரை இதற்குப் பிடியுங்கள். எனக்குக் கிடைத்தவர் முதலியார்பேட்டையில் நாற்பது வருஷமாக டிங்கரிங் செய்த பெரியவர். பட்டி டப்பாவைக் கடைசியாகத் தொட்டது எப்போது என்று கேட்டேன். "நேத்து" என்றார் சிரித்தபடி. "ஆனா பட்டி வராத காலத்துல கத்துக்கிட்டவன் தம்பி நான்."

அவர் காட்டிய முறை இது. ஷெட்டில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு ட்யூப் லைட்டைப் பேனலுக்கு இணையாகத் தொங்கவிட வேண்டும். தலையைத் தாழ்த்தி அதன் பிம்பம் தகட்டில் ஓடுவதைப் பாருங்கள். பிம்பம் சுருங்கும் இடம் மேடு, பரவும் இடம் பள்ளம், நெளியும் இடத்தில் இரண்டுமே உண்டு. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, மெல்லிய பருத்தித் துணிக்கு மேல் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். கண்ணுக்குத் தப்பியது கைக்குத் தெரியும். மார்க்கரால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளத்தைப் பின்பக்கம் டாலி (தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டி) கொடுத்து, முன்னால் சின்னச் சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்டித் தூக்குவார். சுத்தியலின் முகம் கண்ணாடி போல் மழமழப்பாக இருக்க வேண்டும், அதில் உள்ள ஒவ்வொரு வடுவும் தகட்டில் பதியும். தட்டத் தட்ட அலுமினியம் இறுகும். இறுகியதைத் தொடர்ந்து தட்டினால் வெடிக்கும். அப்போது சூடுகாட்டித் தளர்த்த வேண்டும். இங்கேதான் ஆபத்து: இரும்பு மாதிரி அலுமினியம் சிவந்து எச்சரிக்கை செய்யாது. 660 டிகிரியில் உருகிவிடும், அதுவரை நிறமே மாறாது, பிறகு பொத்தென்று ஓட்டை. அதனால் அந்த இடத்தில் சலவை சோப்பைத் தடவிவிட்டு டார்ச் காட்டுவார். சோப்பு கருகிப் பழுப்பானதும் நிறுத்திவிடுவார். பெரியவரின் தெர்மாமீட்டர் அது. சோப்பை உடனே நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

மிச்சமிருக்கும் சின்ன மேடுகளுக்கு பாடி அரம். அரத்தின் பற்களில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் அலுமினியம் அடைக்காது. அடைத்த துணுக்கு தகட்டை உழுதுவிடும். அரம் முதல் இழுப்பில் எங்கெல்லாம் தொடவில்லையோ அதெல்லாம் பள்ளம் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். அரத்தை வைத்தே எல்லாவற்றையும் சமப்படுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். என் பாடியின் தகடு 1.6 மில்லிமீட்டர். அரத்துக்கும் 80 நம்பர் தாளுக்கும் தின்னக் கொடுக்க அதில் அதிகம் இல்லை. விரலால் அழுத்தும்போது பிஸ்கட் டின் மூடி மாதிரி டொக் டொக் என்று உள்ளே போய் வந்தால் ஏற்கெனவே மெலிந்துவிட்டது என்று அர்த்தம்.

வெல்டிங் தையல்களையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். புதிதாக வெல்டு வைக்க வேண்டியிருந்தால், பாடித் தகட்டிலிருந்தே மெல்லிய கீற்று வெட்டி அதையே கம்பியாகப் பயன்படுத்தச் சொல்லுங்கள். வழக்கமாகக் கடையில் தரும் 4043 கம்பியில் சுமார் 5 சதவீதம் சிலிக்கான் இருக்கிறது. தேய்த்து முடித்த பிறகு அந்தத் தையல் சற்றே சாம்பல் பூத்துத் தனியாகத் தெரியும். பெயின்ட்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாத விஷயம், இங்கே நெற்றியில் ஒட்டிய மாதிரி இருக்கும்.

தாள் வரிசை

வெல்டு, அரத் தடம் உள்ள இடங்களில் மட்டும் 80. மற்ற இடமெல்லாம் 120-லிருந்து. பிறகு 180, 240, 320, 400. ஒரு நம்பரைத் தாண்டிக் குதிக்க வேண்டும் என்று மூன்றாம் நாள் தோன்றும். குதித்தால் 120-ன் கோடு 400-ல் எழுந்து வந்து சிரிக்கும், திரும்பவும் 180-க்கு இறங்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு நம்பரையும் முந்தையதற்குக் குறுக்காகத் தேயுங்கள். 120 நீளவாட்டில் என்றால் 180 சாய்வாக, 240 எதிர்ச்சாய்வாக. பழைய கோடு ஒன்றுகூட மிச்சமில்லாமல் புதுக் கோடு மட்டும் தெரிந்தால்தான் அந்த நம்பர் முடிந்தது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும், மீதியெல்லாம் உழைப்பு.

வெறும் விரலால் தாளைப் பிடித்துத் தேய்க்கக் கூடாது. விரல் அழுத்திய இடமெல்லாம் வாய்க்கால் விழும். தட்டையான இடத்துக்கு நீளமான மரக்கட்டை. கோப்ராவின் சக்கர வளைவு மாதிரி உருண்ட இடத்துக்குத் தடித்த ரப்பர் ஹோஸை ஒரு சாண் நீளம் வெட்டி, அதைச் சுற்றித் தாளைப் பிடியுங்கள். கடையில் விற்கும் ஃபோம் கட்டையைவிட எனக்கு இது நன்றாக உட்கார்ந்தது.

மெஷின்? ஆர்பிட்டல் சாண்டரை 240 வரை ஓட்டலாம். அதற்கு மேல் அது விடும் சின்னச் சின்னச் சுருள் தடங்களை எடுப்பதற்கே கையால் தேய்ப்பதைவிட அதிக நேரமாகும். மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். சூடேறிய பேனல் உப்பிக்கொள்ளும், உப்பிய மேட்டை நீங்கள் தேய்த்து எடுப்பீர்கள், ஆறினதும் அந்த இடம் பள்ளமாக உட்காரும். புறங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் வேறு பேனலுக்குப் போங்கள்.

180 வரை வறட்டுத் தாள். 240-லிருந்து கறுப்பு வாட்டர் பேப்பர், இரண்டு சொட்டு கார் ஷாம்பு கலந்த தண்ணீரோடு. அலுமினியம் தாளைச் சீக்கிரம் அடைத்துவிடும், அடைத்த தாள் தேய்க்காது, இழுக்கும். கஞ்சத்தனம் பார்க்காமல் மாற்றுங்கள். எனக்குப் பாடி முழுக்க 150 தாளுக்கு மேல் ஆயிற்று. ஒரு நம்பர் முடிந்ததும் பாடியைக் கழுவி, வாளித் தண்ணீரைக் கொட்டி, கட்டையையும் கையையும் கழுவி, அப்புறம்தான் அடுத்த தாளைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு நம்பருக்கும் தனி வாளி வைத்தால் இன்னும் உத்தமம்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை நினைவுக்கு வரும். 1934-ல் பந்தயக் கார்களுக்கு 750 கிலோ எடை வரம்பு வந்தது. மெர்சிடிஸ் கார் ஒரு கிலோ கூடுதலாக நின்றதாம். ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளைப் பெயின்ட்டை முழுக்கச் சுரண்டி, காலையில் வெறும் அலுமினியத்தோடு ஓடவிட்டார்களாம், அதிலிருந்துதான் வெள்ளி அம்பு என்ற பெயர் வந்ததாம். வரலாறு ஆராய்ந்தவர்கள் பலர் இதை நம்புவதில்லை. நான் அந்தச் சர்ச்சைக்குள் போகவில்லை. ஆனால் ஒரே ராத்திரியில் தேய்த்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மெருகு எது என்று எனக்குத் தெரியும். 80 நம்பர்.

கோடு இழுப்பது

400 முடிந்த பாடி எல்லாப் பக்கமும் சீராக, பாலாடை மாதிரி இருக்கும். இனி கோடு. இதற்குத் தேவை தொழிற்சாலை உபயோகத்துக்கு விற்கும் கருஞ்சிவப்பு ஸ்காட்ச்பிரைட் பேட், 7447 என்று கேட்டால் தருவார்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பேட் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கோடு தராது. எவர்சில்வர் பட்டறையில் இதற்கென்றே உருளை மெஷின் உண்டு, இரவல்கூடக் கிடைக்கும். ஆனால் இரும்பிலோ எவர்சில்வரிலோ ஓடிய உருளையையும் பேட்டையும் அலுமினியத்தில் வைக்காதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் துணுக்குகள் தகட்டில் பதிந்துவிடும், ஆரஞ்சுப் புள்ளிக் கதை திரும்பவும் ஆரம்பிக்கும்.

கோடு எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதை முதலில் காகிதத்தில் வரையுங்கள். கார் ஓடும்போது காற்று போகும் வழி, அதாவது முன்னாலிருந்து பின்னாக, பானெட், கதவு, பின்மூடி எல்லாவற்றிலும் ஒரே நேர்க்கோடு. சக்கர வளைவைச் சுற்றிக் கோட்டையும் வளைக்கலாமே என்று தோன்றும். நான் முயன்று பார்த்தேன், கோலத்தில் புள்ளி தப்பிய மாதிரி இருந்தது. நேராகவே விட்டுவிடுங்கள்.

பேனல்களைக் காரில் பொருத்தி வைத்தே இழுங்கள். தனித்தனியாகக் கழற்றி இழுத்தால் கதவின் கோடும் பக்கத்துப் பேனலின் கோடும் இரண்டு டிகிரி விலகி நிற்கும், கண் நேராக அங்கேதான் போகும். நேரான மர ரீப்பர் ஒன்றைத் துணி சுற்றிப் பாடிமேல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்; மற்றவர் பேட்டை ஒரு மரக்கட்டையில் மடித்து, ரீப்பரை ஒட்டி இழுக்க வேண்டும். பேனலின் இந்த விளிம்பில் ஆரம்பித்தால் அந்த விளிம்பைத் தாண்டித்தான் நிறுத்த வேண்டும். நடுவில் நின்றால் நின்ற இடத்தில் தடம். முன்னும் பின்னும் தேய்க்காமல் ஒரே திசையில் இழுத்து, தூக்கி, திரும்பவும் ஆரம்பத்துக்கு வந்து இழுங்கள். அழுத்தம் ஒரே சீராக இருக்கட்டும். ரீப்பரை நகர்த்தும்போது முந்தைய தடத்தின் பாதியை மூடிக்கொண்டு போங்கள்.

என்னோடு ரீப்பர் பிடித்தது என் மச்சான். கதவு முடிவதற்குள் இரண்டு சண்டை. பொறுமையுள்ள ஆளாகப் பிடியுங்கள்.

கண்ணாடி மெருகுதான் வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாக: 400-க்குப் பிறகு 600, 800, 1000, 1500, 2000. பிறகு சணல் வீலில் பழுப்புக் கட்டி, பருத்தி வீலில் வெள்ளைக் கட்டி. இரண்டுக்கும் தனித்தனி வீல். படியும் கறுப்பு மையைச் சோளமாவு தூவி மெல்லிய துணியால் எடுங்கள். கையில் நேரமும், கடலிலிருந்து தூரமும் இருந்தால் செய்யுங்கள்.

காப்பு

அலுமினியம் காற்றுப் பட்ட உடனேயே தன்மேல் ஒரு மெல்லிய ஆக்ஸைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. சாதாரண ஊரில் அந்தத் தோலே அதற்குக் காவல். உப்பில் உள்ள குளோரைடு அந்தத் தோலை ஆங்காங்கே துளைத்துவிடும். நம் ஊரில் வெள்ளைப் புள்ளி விழுவது அதனால்தான்.

எந்தக் காப்பு நிற்கும் என்று பார்க்க, வெட்டி மிஞ்சிய தகடுகள் ஐந்தை எடுத்து ஒரு ஐப்பசியிலிருந்து தை வரை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்கவிட்டேன். வெறும் கண்ணாடி மெருகு முதல் பத்து நாளிலேயே போயிற்று. வெறும் கோடு மெருகு ஒரே சீராகச் சாம்பல் பூத்தது, பேட்டால் நான்கு இழுப்பில் மீண்டது. கோட்டின் மேல் கார்னாபா மெழுகு பூசி மாதம் ஒருமுறை புதுப்பித்தது நன்றாகவே நின்றது. ஸ்ப்ரே டப்பா கிளியர் (நிறமில்லாத பூச்சு) அடித்ததில், வெட்டிய விளிம்பிலிருந்து பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி மெல்லிய இழைகள் நுழைந்தன. பட்டறையில் அடிக்கும் இரண்டு பாகக் கிளியர் அதைவிட மேல், ஆனால் துளை போட்ட இடத்தில் அதே புழு.

கிளியரின் தொந்தரவு இதுதான். அடியில் அரிப்பு நுழைந்துவிட்டால் பேனல் முழுக்கச் சுரண்டித் திரும்ப 240-லிருந்து வர வேண்டும். மெழுகு போட்ட பேனலில் அந்த வேலை இல்லை. எனவே நான் மெழுகோடு நின்றுவிட்டேன். கோடு இழுத்த அன்றே, வெயில் ஏறுவதற்கு முன், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு முறை. முதல் பூச்சுக்கும் இரண்டாவதற்கும் இடையில் ஒரு இரவு. மெழுகைக் கோட்டுத் திசையிலேயே பூசி, அதே திசையில் எடுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கோட்டுக்குள் வெள்ளையாகத் தங்கிவிடும்.

பாடியின் உட்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். வெளியே மெழுகு, உள்ளே எப்பாக்ஸி பிரைமர். சக்கரம் அடிக்கும் உப்புச்சேறு உள்ளேதான் போய் உட்காரும்.

திருகும் தொடுப்பும்

இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். அதற்குப் பெயர் பேட்டரி. அலுமினியம் இரும்பையோ எவர்சில்வரையோ தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் தேயும். எவர்சில்வர் திருகுக்கு அடியில் நைலான் வாஷர் போடுங்கள், திருகின் மரையில் லானோலின் கிரீஸ் தடவுங்கள். பாடி இரும்புச் சேஸிஸில் உட்காரும் இடமெல்லாம் ரப்பர் பட்டை. ஃபெல்ட், கம்பளி மாதிரி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும் எதையும் வைக்காதீர்கள். பித்தளைத் திருகு பார்க்க ஜோராக இருக்கும். செம்பு சேர்ந்த எதுவும் அலுமினியத்துக்குப் பெரிய எதிரி. வேண்டாம்.

அதற்குப் பிறகு

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவல், முக்கியமாகக் கடற்கரைச் சாலைப் பக்கம் போய் வந்த அன்றே. மாதம் ஒருமுறை மெழுகு. தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். உள்ளே வேர்க்கும், வேர்த்த இடம் மேப்படம் மாதிரி வெளுக்கும். பருத்தி பெட்ஷீட் இரண்டைத் தைத்துப் போட்டாலே போதும். காக்கை எச்சத்தைக் காயவிடாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெழுகை எடுத்துவிட்டு, பாடி முழுக்கப் பேட்டால் ஒரு சுற்று கோடு இழுத்து, திரும்ப மெழுகு. எனக்கு இப்போது காலை ஆறிலிருந்து பத்தரை வரை பிடிக்கிறது.

போன வாரம் எதிர்வீட்டுப் பூனை விரிப்புக்கு அடியில் புகுந்து பானெட்டில் படுத்திருந்தது. நான் விரிப்பை இழுத்ததும் நாலு காலாலும் பிராண்டிக்கொண்டு ஓடியது. ஏழெட்டு கோடு, குறுக்காக. காபியை முடித்துவிட்டு, ரீப்பரை வைத்து, அந்தப் பேனலின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை பத்துப் பன்னிரண்டு இழுப்பு. துடைத்து மெழுகு போட்டேன். பூனை மதில்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.